தராசம்மா எஞ்சின் வாங்கிய கதை

ஆரணியில் ஸ்வர்ணலதா வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு யோசிப்பார்கள். தராசம்மா வீடு என்று கேட்டால் நெசவாளர் தெருக்களில் நண்டு சிண்டுகூட வழி காட்டிவிடும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் ஒரு பட்டு முதலாளி வீட்டில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். நெசவாளிக்குப் பாவு நூலையும் ஊடை நூலையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பாள். நெய்து வந்த சேலையை எடை போட்டு வாங்குவாள். போனதும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் நூலை ஒதுக்கிக்கொண்டவன் சேலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு எடுத்து வருவான். பட்டு ஈரத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும், எடை மட்டும் ஏறியிருக்கும். விரலுக்குத் தெரியாத அந்த ஈரம் கன்னத்துக்குத் தெரியும். ஸ்வர்ணலதா சேலையை மடிப்போடு தூக்கிக் கன்னத்தில் வைப்பாள். வைத்துக்கொண்டே எதிரில் இருப்பவன் கண்ணைப் பார்ப்பாள். பாதிப் பேர் அந்தப் பார்வைக்கே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவளுக்கென்று ஒரு முடிச்சும் இருந்தது. வெளியே போகும் நூல் கட்டுகளை அந்த முடிச்சுப் போட்டுத்தான் அனுப்புவாள். அவிழ்த்துப் பார்த்தவன் எத்தனை முயன்றாலும் அதேபோல் திருப்பிப் போட முடியாது. அவளிடம் யாராவது கற்றுத்தரச் சொல்லிக் கேட்டால், கேட்டவன் மேலேயே சந்தேகப்படுவாள்.

இப்படி வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? உலகமே ஈரச் சேலையாகத் தெரிய ஆரம்பித்தது. தன் கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்த கூறைச் சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உடுத்தப் போனாள். மாமியார் அதைச் சாகும்வரை மறக்கவில்லை. புருஷன் பரசுராமன் மட்டும் அன்றைக்கும் சிரித்தார், இன்றைக்கும் சிரிக்கிறார். வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும் மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி சந்தேகப்பட வேண்டியிருந்தது.

முதலாளி கம்ப்யூட்டர் தராசு வாங்கி, மகனை உட்கார வைத்ததும் ஸ்வர்ணலதா வெளியே வந்தாள். கையிலிருந்ததைப் போட்டு ஒரு பழைய வேனை வாங்கினாள். பெயர்ப் பலகையெல்லாம் எழுதவில்லை. பெயர் எழுதினால் ஊர் கண் படும் என்று அவளுக்கு எண்ணம். வண்டி ஓட்ட பவுல்துரை வந்தான். பெயரைக் கேட்டு நினைப்பதுபோல் கோவில்பட்டியோ மதுரையோ இல்லை, பக்கத்துத் தெரு சர்ச்சுக்காரன். அவனை விசாரிக்க அவள் ஏழெட்டு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். எல்லோரும் நல்லவன் என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே என்று அதிலும் அவளுக்கு ஒரு நெருடல்.

வேனின் சோறு ஜவ்வாது மலையில் இருந்தது. மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆரணி வாத்தியார்களையும் டீச்சர்களையும் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது. கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர் எல்லாம் மேல்வரும்படிதான். அந்த மலைச் சவாரி போனால் வண்டியை வைத்துப் பூஜைதான் போடவேண்டும்.

அந்தச் சவாரிதான் இப்போது போகப் பார்த்தது.

வண்டி எப்போதுமே மலையில் முனகும். சின்ன எஞ்சின், பெரிய உடம்பு. ஆனால் முனகிக்கொண்டே ஏறிவிடும். போன மழைக்காலத்துக்குப் பிறகு முனகல் போய் மூச்சே நிற்க ஆரம்பித்தது. போளூர் தாண்டும்வரை நன்றாகத்தான் போகும். மலையில் பாதி ஏறியதும், புளியமரத்து வளைவில், யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் இழுத்து இழுத்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி கிளம்பும். அதற்குள் பள்ளியில் பிரார்த்தனை முடிந்திருக்கும்.

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் வனிதா டீச்சர் இறங்கும்போதே சொல்லிவிட்டார். டீச்சர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

"ஸ்வர்ணாக்கா, உங்க மேல ஒண்ணும் வருத்தமில்லங்க. ஆனா ஸ்கூல் தொறந்த அன்னிக்கு அந்த வளைவுல நின்னுச்சுன்னா, மறுநாள்லேர்ந்து நாங்க வேற வண்டி பாத்துக்குவோம். எச்.எம். கையெழுத்துப் போட வுடமாட்றாருங்க."

வேலூர் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெயவேல் வடிகட்டியை மாற்றினான், பம்பைக் கழற்றி மாட்டினான், கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"எஞ்சின் கெழவனாயிடுச்சுக்கா. இத்தோட தெம்பு அவ்ளோதான். சூடாச்சுன்னா படுத்துக்குது, ஆறுனா எழுந்துக்குது. பாத்து வேற எஞ்சின் போட்டுரு. பேஜாரே இல்ல."

பக்கத்தில் நின்ற பவுல்துரை தலையாட்டினான். ஸ்வர்ணலதா அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். மெக்கானிக் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஆடிய தலை அது.

பவுல்துரை மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. அது யாருக்கும் தெரியாத கணக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பதுபோல் அவளுக்குப் பட்டது. டேங்கில் ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி விற்கும் டிரைவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். கேட்டால் இல்லை என்பான். கேட்பதால் அவனுக்கு முன்ஜாக்கிரதைதான் வரும். தராசுக்காரி கேட்கமாட்டாள், போட்டுப் பார்ப்பாள். ரோஜா நிறக் கழிவுப் பட்டு நூலை முறுக்கி, பைபோல ஒரு வலை பின்னினாள். டீசல் இறங்கும், குழாய் இறங்காது, அத்தனை கண்ணி. அதை டேங்க் வாய்க்குள் தொங்கவிட்டு, உள்ளே இருந்த கம்பி வளையத்தில் தன் முடிச்சைப் போட்டு வைத்தாள். பரசுராமனுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அவர் பவுல்துரையிடமே சொல்லிச் சிரித்துவிடுவார்.

ரொம்ப நாள் வலை அங்கேயே இருந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தாள். வலை இல்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எடை குறைந்த சேலை கையில் கிடைத்த நிம்மதிதான் வந்தது. எடுத்தவன் வாய் திறக்கவில்லை; அவளும் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் வண்டி மலையில் நிற்க ஆரம்பித்தது. இப்போது மெக்கானிக் எஞ்சினை மாற்று என்கிறான், டிரைவர் தலையாட்டுகிறான். ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகிறது பாருங்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் புருஷனிடம் முடிவைச் சொன்னாள். எஞ்சினை மாற்றப் போகிறேன். மாற்றி, மலையில் ஒருமுறை ஏறிப் பார்த்ததும் டிரைவரையும் மாற்றப் போகிறேன். தங்கச்சி வீட்டுக்காரர் வழியில் பாலு என்று ஒரு பையன் இருக்கிறான், பேசிவிட்டேன்.

பரசுராமன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "பவுலு இன்னா பண்ணான்?"

"பண்றதக் காட்டிகினா பண்ணுவாங்க?"

"பத்து வருஷமா ஓட்றான், லதா. என் மொழங்கால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில ராவும் பகலும் ஒக்காந்துகினு இருந்தான்."

"அது வேற, இது வேற," என்றாள் ஸ்வர்ணலதா. அதுவும் எதற்கு உட்கார்ந்தானோ என்று அவள் அப்போதே யோசித்தவள்.

எஞ்சின் தேடும் படலம் தொடங்கியது. முதலில் அவள் செய்தது படிப்பு. வந்தவாசியில் ஒரு மெக்கானிக், செய்யாற்றில் ஒருவர், வேலூரில் ஒருவர் என்று மூன்று பேரைப் போய்ப் பார்த்தாள். தன் வண்டி என்று யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் வண்டி, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் சொன்னால் சொல்லிவிடுவேன் என்றாள். மூன்று பேரும் சொன்னதில் ஒத்துப்போனதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள். பழைய எஞ்சினை விற்கிறவன் ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பான். சூட்டில் எல்லா எஞ்சினும் ஒரு தட்டில் கிளம்பும். நோயெல்லாம் ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று வரக்கூடாது. புது பெயின்ட் அடித்த எஞ்சினைக் கண்டால் புதுமாப்பிள்ளையின் கடனைக் கண்டதுபோல் ஒதுங்க வேண்டும்.

இருக்கிற எஞ்சினையே பிரித்து, போரிங் போட்டுப் புதுப்பிக்கலாம் என்று ஜெயவேல் ஒரு யோசனை சொன்னான். அதை அவள் உடனே தள்ளினாள். பிரித்த எஞ்சினுக்குள் புது சாமான் போட்டானா, பழசைத் துடைத்துப் போட்டானா என்று எந்தக் கன்னத்தை வைத்துப் பார்ப்பது?

வேலூர் பக்கம் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு இடத்துக்கு ஜெயவேலும் பவுல்துரையும் அவளை அழைத்துப் போனார்கள். கடைக்காரர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, உபசாரம் பலமாக இருந்தது. வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு எஞ்சினை மர ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார். "மலை இன்னாம்மா மலை, இத்தப் போட்டா செவுத்துலயே ஏறும்," என்றார்.

ஸ்வர்ணலதா டீயைத் தொடவில்லை. எழுந்து போய் எஞ்சினை மோந்து பார்த்தாள். பெயின்ட் வாசனை. பிறகு குனிந்து, கடைக்காரர் பதறப் பதற, இரும்பின் மேல் கன்னத்தை வைத்தாள். இதமாக இருந்தது.

"காலைல எத்தினி மணிக்கு ஓட்னீங்க?" என்று கேட்டாள்.

"இல்லீங்களே, நீங்க வந்துதான்..."

"வெயில்ல வெக்கல, நெழல்லதான் வெச்சிருக்கீங்க. இன்னும் ஆறல." அவள் கன்னத்தில் ஒட்டிய வெள்ளியைத் துடைத்துக்கொண்டே வெளியே நடந்தாள். ஜெயவேல் பின்னாலேயே ஓடிவந்து, "யக்கா, எனக்கே தோணலக்கா," என்றான். தோணவில்லையா, தோணவேண்டாம் என்று இருந்தாயா என்று அவள் நினைத்தாள்.

மூன்றாவதாக வந்தது பவுல்துரை கொண்டுவந்த செய்தி. வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில்காரரின் வேனைப் பின்னாலிருந்து லாரி இடித்துவிட்டது. உடம்பு நொறுங்கிப்போய்விட்டது, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. நம் வண்டிக்கு அப்பன் மாதிரி எஞ்சின், டர்போ வைத்தது, அதே கொக்கிகளில் உட்காரும்.

"டர்போன்னா?" என்றாள்.

"காத்த சேத்து ஊதி வுடும்க்கா. மூச்சு எறைக்காம ஏறும். நான் விசாரிச்சிட்டேன்."

நீ ஏன் விசாரித்தாய் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. சரி பார்க்கலாம் என்று இழுத்தாள். மறுநாள் விடியும் முன்பே, யாருக்கும் சொல்லாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவாசி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மில் வாசலில் இறங்கினாள். மில்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சமணர் வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர்கள் சீக்கிரம் எழுவார்கள் என்று அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள்.

கன்னத்தை வைத்தாள். எஞ்சின் சில்லென்று இருந்தது. மேலே தூசி, பல்லியின் எச்சம். பெயின்ட் கிடையாது. அப்படியே ஓட்டச் சொன்னாள். இரண்டு தடவை உதறியது; கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டது; பிறகு தறி ஓடுவதுபோல் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. ஆயில் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தாள். புகை இல்லை. அவளுக்கு எஞ்சின் பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் சந்தேகம் அதிகமானது.

மில்காரரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "எங்க டிரைவருக்கு நீங்க இன்னா தர்றதா பேச்சு?"

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அந்த மனுஷன் அப்பிடியெல்லாம் ஒண்ணும் கேக்கலம்மா. மலை ஏறுமா, நடுவுல நின்னா டீச்சருங்க பாடு கஷ்டம்னு அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுகினு இருந்தாரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அதைப் பல பக்கமும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லையா? அப்படியென்றால் இவன் நாம் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன்.

எஞ்சினை அவள் வாங்கினாள். வேறு எதற்கும் அவள் மனம் ஒப்பவில்லை. ஆனால் மில்லிலிருந்து வண்டியில் ஏற்றுவதற்கு முன், தோள் பையிலிருந்து சிவப்புப் பட்டு நூலை எடுத்து, எஞ்சினில் கழற்றக்கூடிய சாமான் ஒவ்வொன்றையும் சுற்றித் தன் முடிச்சைப் போட்டாள். ஒர்க்‌ஷாப்பில் வைத்து எதையாவது மாற்றினால் முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். ஜெயவேல் அதைப் பார்த்துவிட்டுக் கோயில் கயிறு என்று நினைத்துக்கொண்டான். பயபக்தியோடு மேலே குங்குமமும் வைத்தான். பவுல்துரை அந்த முடிச்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்வர்ணலதாவைப் பார்த்தான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஜெயவேலுக்கு உதவி செய்யப் போனான்.

எஞ்சின் மாட்டி, எஞ்சின் நம்பரை ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்ற மனுக் கொடுத்து, எல்லாம் முடிவதற்குள் விடுமுறையும் முடிந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு பவுல்துரை நேராக வந்தான். ஜெயவேல் ஸ்பானர் பையோடு ஏறிக்கொண்டான். ஸ்வர்ணலதா முன் சீட்டில், டிரைவர் கை தெரியும்படி உட்கார்ந்தாள்.

போளூர் வரைக்கும் வண்டி பறந்தது. லாரிகளைத் தாண்டியது. ஜெயவேல் பின்னாலிருந்து, "இன்னாக்கா, எப்பிடி கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மலை தொடங்கியபோதும் முனகவில்லை. அவளுக்கே முகம் மலர்ந்தது. வனிதா டீச்சருக்கு இன்றே போன் செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

புளியமரத்து வளைவு வந்தது. வண்டி ஒருமுறை இழுத்தது. மறுமுறை இழுத்தது. அதே இடம், அதே இழுப்பு. பவுல்துரை கியரைக் குறைத்தான். எஞ்சின் விக்கிவிட்டு அடங்கிப்போனது.

குரங்கு ஒன்று சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தது.

ஸ்வர்ணலதா கீழே இறங்கினாள். புது எஞ்சின். அவளே கன்னம் வைத்துப் பார்த்த எஞ்சின். முடிச்சுகள் ஒவ்வொன்றையும் நேற்றுதான் சரிபார்த்திருக்கிறாள், ஒன்றும் அவிழவில்லை. அப்படியானால் எஞ்சினில் தப்பு இல்லை. மிச்சம் இருப்பது ஆட்கள்.

"போதும்," என்றாள். "ரெண்டு பேரும் சேந்து இன்னாவோ பண்றீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்கீங்க. பவுலு, நீ நாளைலேர்ந்து வரவேணாம். பாலு வருவான். பேசி முடிச்சிட்டேன்."

பவுல்துரை ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தான். "சரிங்கக்கா," என்றான். அவ்வளவுதான்.

ஜெயவேலுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யக்கா, என்னப் பாத்து அந்த வார்த்த சொல்லாத. எஞ்சின் வேற, பம்பு வேற, பில்டரு வேற, எல்லாம் மாத்தியாச்சு. இந்த வண்டியில பழசுன்னா..." பேச்சு பாதியில் நின்றது. வண்டியின் வயிற்றைப் பார்த்தான். "டேங்குதான் பழசு."

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே நுழைந்தான். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். காற்று போகவில்லை. மறுபடி பலமாக ஊதினான். உள்ளே களக்கென்று ஏதோ விடுபட்டது. டீசலைக் காறித் துப்பிவிட்டு, அளவு காட்டும் மிதவையைக் கழற்றினான். அந்த ஓட்டை வழியாக வளைத்த கம்பியை விட்டுத் துழாவினான். கம்பியின் நுனியில் எதுவோ மாட்டிக்கொண்டு வந்தது.

கறுத்து, டீசல் சொட்டச் சொட்ட ஒரு வலை. பிழிந்ததும் மடிப்புக்குள் மட்டும் பழைய ரோஜா நிறம் தெரிந்தது.

"அடப்பாவி, இதான்க்கா. தரையில போம்போது எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும், இது சும்மா மெதந்துகினு இருக்கும். மேட்ல மொத்தமா உறிஞ்சும்போது இது போயி குழாய் வாய அடச்சிக்குது. எஞ்சின் நின்னா வுட்ருது. அதான் ஆறுனா கெளம்புதுன்னு நான் ஏமாந்துட்டேன்." ஜெயவேல் வலையை உயரத் தூக்கிப் பிடித்தான். "பழைய எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல. எவன் இத்த டேங்க்ல போட்டது?"

வலையின் ஒரு மூலையில் முடிச்சு அப்படியே இருந்தது. கம்பி வளையத்தில் உரசி உரசி நூல்தான் அறுந்திருந்தது.

"நான்தான்," என்றான் பவுல்துரை.

ஜெயவேல் திரும்பினான்.

"டேங்க் மூடி ஒருநாள் தொலஞ்சி போச்சு. இத்த வெச்சி அடச்சேன். உள்ள வுழுந்துட்டுது போல."

"அறிவு கீதாயா உனக்கு? ஒரு எஞ்சினையே மாத்த வெச்சிட்டியே." ஜெயவேல் அவனை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தான். பவுல்துரை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான்.

ஸ்வர்ணலதாவின் மனம் பழகிய வேலையைத்தான் முதலில் செய்தது. இவன் ஏன் பொய் சொல்கிறான்? இதில் இவனுக்கு என்ன லாபம்? வேலை போய்விட்டது, அது சற்றுமுன்தான் போனது. நல்ல பேரும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் எதை எதையோ வைத்துப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வைக்க ஒரு குந்துமணிகூடக் கிடைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு வெட்கம் வந்தது. காது மடல் வரை சுட்டது.

"ஜெயவேலு, அவனைத் திட்டாத," என்றாள். "அது என் முடிச்சு. நான்தான் போட்டேன். டீசல் திருட்றானோன்னு போட்டேன்."

ஜெயவேல் வலையைக் கீழே வைத்துவிட்டு மிதவையை மாட்டுகிற சாக்கில் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

"எனக்குத் தெரியுங்க," என்றான் பவுல்துரை.

"எப்பலேர்ந்து?"

"போட்ட அன்னிக்கே. டீசல் போட மூடியத் தொறக்கறவன் நான்தானேக்கா."

அது அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இரண்டு வருஷம் தோன்றவில்லை.

"மொதல்ல ரொம்ப வலிச்சிது. வேற வேல பாக்கலாமான்னுகூட நெனச்சேன். அப்பறம் போன மழையில ஒருநாள் தொறந்து பாத்தா வலையக் காணோம். அக்கா எடுத்துட்டாங்க, என்ன நம்பிட்டாங்கன்னு நெனச்சிகினேன். வூட்டுக்குப் போயி பாக்கியமேரிகிட்ட சொன்னேன். அவ சந்தோஷத்துல அன்னிக்குக் கறி எடுத்துச் சமைச்சா." அவன் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டான். "எஞ்சின்ல முடிச்சப் பாத்தப்பதான் இன்னும் நம்பலன்னு தெரிஞ்சிது."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, பவுலு."

"நீங்களும் கேக்கலியேக்கா."

வண்டி கிளம்பியது. புளியமரத்து வளைவை மூன்றாவது கியரிலேயே தாண்டியது. மேலே போனதும் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஸ்வர்ணலதா பாலுவுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னாள். பவுல்துரை அதைக் கேட்டும் கேட்காததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் போனான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னதும் பரசுராமன் சிரிக்கவில்லை. "ஒர்க்‌ஷாப்புல கெடக்கே அந்தப் பழைய எஞ்சின், அதுகிட்டயும் ஒரு மன்னிப்பு கேட்டுடு," என்றார். பிறகு தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்வர்ணலதா கோலம் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். வருவானா மாட்டானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்தே சேலையின் எடை சொன்னவள். வனிதா டீச்சரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டது என்று அவள் பொய் சொன்னாள்.

தெருமுனையில் பவுல்துரை நடந்து வந்தான். "வந்துட்டேங்க," என்று ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கோலமாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் வண்டியைச் சுற்றி வந்து டேங்க் மூடியைத் திறந்தான். குனிந்து உள்ளே பார்த்தான். டார்ச் அடித்தும் பார்த்தான். விரலை விட்டுக் கம்பி வளையத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு மூடியை இறுக்கித் திருகிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் ஏறி உட்கார்ந்தான்.

இன்றைக்கும் அந்த வேன் மலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது, பவுல்துரைதான் ஓட்டுகிறான். தினமும் காலையில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். தராசம்மா வாசலில் நின்று அதைப் பார்க்கிறாள். வலிக்கிறது, ஆனாலும் ஒன்றும் சொல்வதில்லை.